அத்தியாயம் 7: முதலில் படத்துக்கு இடம், பிறகு மடிக்கணினி

லோ யாட் பிளாசாவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் கேட்பார்கள்: "பாஜெட் எவ்வளவு, பாஸ்?" அடுத்த கேள்வி, "கேமிங்கா, ஆபீஸ் வேலையா?" போட்டோ எடிட்டிங் என்று சொன்னால் கை நேராக கேமிங் வரிசைப் பக்கம் நீளும். விற்பவரைக் குறை சொல்ல முடியாது. எடிட்டிங் என்றாலே வேகமான இயந்திரம் வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் கல்யாணம், காதணி விழா, கோயில் திருவிழா என்று படமெடுப்பவருக்கு மெதுவான இயந்திரத்தால் போவது நேரம் மட்டும்தான். நிறத்தைச் சரியாகக் காட்டாத திரையால் ஆல்பத்தையே மறுபடி அச்சடிக்க வேண்டிவரும். படங்களுக்குப் பத்திரமான இடம் இல்லையென்றால், போனது போனதுதான். முகூர்த்தத்தை யாரும் இரண்டாம் முறை நடத்தித் தரமாட்டார்கள்.

ஆகவே இந்த அத்தியாயம் கடைக்காரரின் வரிசையைத் தலைகீழாக்குகிறது: முதலில் சேமிப்பு, அடுத்து திரை, அதற்குப் பிறகே ரேம், கிராபிக்ஸ், பிராசஸர். பணத்தையும் அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் ஒவ்வொரு 100 ரிங்கிட்டிலும் 70 மடிக்கணினிக்கு; மீதி 30 வெளி டிஸ்க்குகளுக்கும் திரையின் நிறத்தைச் சீர்செய்யும் கருவிக்கும். முழுத் தொகையையும் மடிக்கணினியில் கொட்டிவிட்டு, "டிஸ்க்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீடு திரும்புவதுதான் நம்மிடையே மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

ஒரு வருடப் படம் எவ்வளவு?

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் தரம் குறையாமல் சுருக்கிய ஒரு ரா கோப்பு ஏறக்குறைய 25 முதல் 30 எம்பி வரும். 45 மெகாபிக்சல் கேமராவில் 50 எம்பியைத் தொடும். சுருக்காத ரா என்று கேமராவில் அமைத்திருந்தால் 24 மெகாபிக்சலே 50 எம்பிக்குப் பக்கத்தில் போய்விடும். தரம் குறையாத சுருக்கம் உங்கள் கேமராவில் இருந்தால் இன்றே அதற்கு மாற்றுங்கள். டிஸ்க் செலவில் கணிசமான பகுதி அங்கேயே மிச்சமாகும்.

இப்போது ஒரு கல்யாணம். நலங்கு, முகூர்த்தம், இரவு விருந்து மூன்றையும் இரண்டு பேர் எடுத்தால் 3,500 படங்கள் சுலபமாகச் சேரும். ஒன்றுக்கு 30 எம்பி என்றால் 105 ஜிபி. ஆல்பத்துக்கென்று போட்டோஷாப்பில் திறந்து 16-பிட் டிஃப் கோப்பாகச் சேமித்தால் லேயர் எதுவும் இல்லாமலே ஒரு படம் 144 எம்பி. 100 படம் 14 ஜிபி. தேர்ந்தெடுத்த ஜேபெக் படங்கள் இன்னொரு 6, 7 ஜிபி. ஒரு கல்யாணத்துக்கு மொத்தம் 125 ஜிபி என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 30 கல்யாணம் செய்பவருக்கு 3.75 டிபி. இதோடு வீடியோவும் எடுக்கிறீர்கள் என்றால் 100 எம்பிபிஎஸ் வேகத்தில் பதியும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி தின்னும்.

பொழுதுபோக்காக எடுப்பவருக்குக் கணக்கு சிறியது. தைப்பூசத்துக்கு ஓர் இரவு பத்துமலையில் நின்று 800 படம் எடுத்தால் 24 ஜிபி. வருடம் முழுவதும் சேர்த்தாலும் 500 ஜிபியைத் தாண்டாது.

டிஸ்க்கின் பெட்டியில் போட்டிருக்கும் அளவு அப்படியே திரையில் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். 1 டிபி டிஸ்க்கை விண்டோஸில் சொருகினால் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

மூன்று பிரதி, இரண்டு வகை, ஒன்று வேறு வீட்டில்

2021 டிசம்பர் 18-ஐ கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் மறந்திருக்க முடியாது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வரிசை வீடுகளின் கீழ்த்தளம் முழுவதும் தண்ணீருக்குள் போனது. மக்கள் மாடியிலும் கூரைமேலும் படகுக்காகக் காத்திருந்தார்கள். வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் இருந்த கல்யாண ஆல்பமும், பக்கத்து மேசையில் இருந்த கணினியும், அதில் எப்போதும் சொருகியபடி இருந்த டிஸ்க்கும் ஒரே தண்ணீரில் நனைந்தால், இரண்டு பிரதி வைத்திருந்தவருக்கும் மிஞ்சுவது எதுவுமில்லை. இரண்டும் ஒரே மேசையில்தானே இருந்தன.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் எழுத்தில் பரவிய 3-2-1 விதி இதற்குத்தான். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதி. அவை இரண்டு வகைச் சாதனங்களில். அவற்றில் ஒன்று வேறு இடத்தில். நம் ஊருக்கு அதை இப்படிப் பொருத்திக்கொள்ளலாம்:

1. வேலைப் பிரதி: மடிக்கணினியின் உள் எஸ்எஸ்டியிலோ, வேகமான வெளி எஸ்எஸ்டியிலோ.
2. வீட்டுப் பிரதி: மேசையில் வைக்கும் பெரிய ஹார்ட் டிஸ்க். படியெடுக்கும்போது மட்டும் சொருகி, முடிந்ததும் கழற்றி மாடி அலமாரியில் வைக்க வேண்டும்.
3. வெளியிடப் பிரதி: இன்னொரு ஹார்ட் டிஸ்க், வேறு வட்டாரத்தில். ஸ்டூடியோ பிரிக்ஃபீல்ட்சில் என்றால் கிள்ளானில் அக்கா வீடு; வீடு கிள்ளானில் என்றால் செந்தூலில் நம்பிக்கையான நண்பர் வீடு. அந்த வீடு ஆற்றோரத் தாழ்நிலத்தில் இல்லையா, டிஸ்க் மாடியில் இருக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதை மேகச் சேமிப்பில் வைக்கலாமா? தேர்ந்தெடுத்த ஜேபெக் படங்களுக்கு அது நல்ல வழி. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1-இல் அளவில்லா இலவசத்தை நிறுத்திவிட்டது. இலவசக் கணக்கில் இருக்கும் 15 ஜிபி மின்னஞ்சலுக்கும் சேர்த்துத்தான். ரா கோப்புகளை ஏற்றுவதானால் கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன் உங்கள் இணையத்தின் ஏற்று வேகத்தைப் பாருங்கள். விநாடிக்கு 50 மெகாபிட் ஏற்று வேகம் உள்ள இணைப்பில் 105 ஜிபி ஏற நான்கு மணி நேரம் நாற்பது நிமிடம், இடையில் தொய்வே இல்லாவிட்டால். வாரம் ஒரு கல்யாணம் செய்பவர் இரவில் ஏற்றிவிட்டுப் படுக்கலாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரட்டை நிகழ்ச்சி செய்பவருக்கு வாகனத்தில் போய் அக்கா வீட்டில் டிஸ்க்கை மாற்றுவதே வேகம்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். இரண்டு டிஸ்க் கொண்ட நாஸ் பெட்டி ஒரு டிஸ்க் பழுதானால் காக்கும். நீங்கள் தவறிப்போய் அழித்த கோப்பை இரண்டிலும் ஒரே நொடியில் அழிக்கும். அதை ஒரு பிரதியாக மட்டும் எண்ணுங்கள். மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் எஸ்எஸ்டியை நம்பிப் பழைய படங்களை விட்டுவைக்கக் கூடாது. நீண்ட காலத்துக்கு ஹார்ட் டிஸ்க்கே பொருத்தம், அதையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்ற வேண்டும். நிகழ்ச்சி முடிந்து வாழை இலைச் சாப்பாட்டுக்கு இறங்கும்போது கேமரா, மடிக்கணினி, டிஸ்க் மூன்றையும் ஒரே பையில் போட்டுக் காரில் விட்டுப் போகாதீர்கள். கண்ணாடியை உடைப்பவன் எல்லாப் பிரதியையும் ஒரே கையில் எடுத்துக்கொண்டு போவான். கார்டுகள் உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்.

தொழிலாகச் செய்பவர்கள் வாடிக்கையாளரோடு எழுதும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: ஆல்பம் கொடுத்த பிறகு ரா கோப்புகளை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்று. அந்த வரி இல்லையென்றால் ஏழு வருடம் கழித்து "தம்பி, அந்தக் கல்யாணப் படம் இன்னும் இருக்கா?" என்று கேட்கும் அத்தைக்குப் பதில் சொல்ல முடியாது, 3,500 படத்தையும் காலத்துக்கும் சுமக்க வேண்டியிருக்கும்.

மடிக்கணினிக்குள் எவ்வளவு?

மடிக்கணினி சமையல் மேடை. அரிசி மூட்டையை அதன்மேல் அடுக்கக் கூடாது. இன்று வேலை நடக்கும் இரண்டு, மூன்று நிகழ்ச்சிகள் மட்டும் உள்ளே இருந்தால் போதும். தொழிலுக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி குறைந்தபட்சம். பொழுதுபோக்குக்கு 512 ஜிபியில் சமாளிக்கலாம். ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்கட்டும். எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப வேகம் குறையும். போட்டோஷாப் தற்காலிகக் கோப்புக்கு இடமில்லை என்று பாதியில் நிற்கும்.

சில விண்டோஸ் மாடல்களில் இரண்டாவது எம்.2 இடம் காலியாக இருக்கும். அப்படியென்றால் சிறிய எஸ்எஸ்டியோடு வாங்கிப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஆப்பிள் மடிக்கணினியில் அந்த வழி இல்லை. வாங்கும் அன்றைய அளவுதான் கடைசி வரை. அங்கே உள் எஸ்எஸ்டியைப் பெரிதாக்கச் செலவழிப்பதைவிட யூஎஸ்பி-சியில் இயங்கும் வெளி எஸ்எஸ்டி ஒன்றை வாங்குவது மலிவு. 10 ஜிகாபிட் யூஎஸ்பி இணைப்பில் நல்ல வெளி எஸ்எஸ்டி விநாடிக்கு 1,000 எம்பியை நெருங்கும். பாக்கெட் ஹார்ட் டிஸ்க் 130 எம்பி அளவில் நிற்கும். ஒரு கல்யாணத்தைப் படியெடுக்க முன்னதில் சில நிமிடம், பின்னதில் கால் மணி நேரம்.

லைட்ரூம் கிளாசிக் பயன்படுத்துபவர்கள் கேட்டலாக்கையும் ஸ்மார்ட் பிரிவியூவையும் உள் எஸ்எஸ்டியில் வைத்து, மூலப் படங்களை வெளி எஸ்எஸ்டியில் வைக்கலாம். டிஸ்க் வீட்டில் இருந்தாலும் கே.எல். சென்ட்ரலில் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நிறம் திருத்தும் வேலை நடக்கும்.

திரை: அரக்கும் ஜரிகையும்

மலிவு மடிக்கணினிகளின் விவரத்தாளில் "45 விழுக்காடு என்டிஎஸ்சி" என்று சிறிய எழுத்தில் இருக்கும். எஸ்ஆர்ஜிபி என்னும் அடிப்படை நிற எல்லையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்தத் திரை காட்டும் என்று பொருள். அதில் ஒரு முகூர்த்தப் படத்தைத் திறந்து பாருங்கள். அரக்குப் பட்டின் மடிப்புகளுக்குள் இருக்கும் ஆழம் தெரியாது. சேலையும் நெற்றிக் குங்குமமும் ஒரே செங்கல் நிறத்தில் நிற்கும். ஜரிகை மினுமினுப்பை இழந்து தட்டையான மஞ்சளாகிவிடும். அதைப் பார்த்து நீங்கள் சிவப்பை ஏற்றுவீர்கள். அச்சகத்திலிருந்து ஆல்பம் வரும்போது மணமகளின் கன்னமும் சிவந்து, சேலையின் நெசவும் ஒரே சிவப்புத் திட்டாக மறைந்திருக்கும்.

எனவே 100 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி என்பது பேரத்துக்கு இடமில்லாத தகுதி. டிசிஐ-பி3 முழுவதையும் காட்டும் திரை என்றால் சிவப்பும் தங்கமும் இன்னும் விரிவாகத் தெரியும். மயில்கழுத்து நிறப் பட்டு பச்சைக்கும் நீலத்துக்கும் இடையில் விழுகிறது; அந்தப் பக்கம் எஸ்ஆர்ஜிபி சுருங்கியது, அடோபி ஆர்ஜிபி விரிந்தது. ஆனால் ஆல்பம் அச்சிடும் கடைகள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி ஜேபெக்தான் கேட்கும். அதனால் எஸ்ஆர்ஜிபியை முழுமையாகக் காட்டும் திரையிலிருந்து தொடங்கி, பணம் இருந்தால் பி3-க்குப் போங்கள்.

ஐபிஎஸ் திரை எந்தக் கோணத்திலும் நிறம் மாறாமல் நிற்கும், நீண்ட நேர வேலைக்கு ஒத்துவரும். ஓஎல்இடி திரையில் கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும், இரவுப் படங்கள் அழகாகத் தெரியும். ஆனால் வெளிச்சத்தைக் குறைத்தால் சில மாடல்கள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும், சிலருக்கு அதில் தலைவலி வரும். ஒரே இடத்தில் பல மணி நேரம் நிற்கும் மெனுப் பட்டைகள் நாளடைவில் தடம் பதிக்கும் அபாயமும் உண்டு. அளவில் 14 அங்குலம் தூக்கிச் செல்ல எளிது. 16 அங்குலம் ஆல்பப் பக்கம் அமைக்க வசதி. 16:10 விகிதம் கிடைத்தால் எடுங்கள், உயரம் கூடுதலாகக் கிடைக்கும்.

நல்ல திரையையும் சீர்செய்ய வேண்டும். டேட்டாகலர் ஸ்பைடர், கேலிப்ரைட் போன்ற கருவிகள் திரைமேல் தொங்கியபடி நிறத்தை அளந்து ஒரு புரொஃபைல் எழுதித் தரும். குறிக்கோள் வெண்மை டி65, காமா 2.2, வெளிச்சம் 100 முதல் 120 கேண்டெலா. வெளிச்சம்தான் நம் படங்களில் அதிகம் தவறும் இடம். திரை பளீரென்று இருந்தால் படம் போதுமான வெளிச்சத்தில் இருக்கிறது என்று கண் நம்பிவிடும். அச்சில் முகங்கள் கறுத்துப் போகும். மாநிற, கறுப்பு முகங்களில் அந்த இழப்பு முதலில் தெரியும். நைட் லைட், ட்ரூ டோன் போன்ற வசதிகளை எடிட்டிங்கின்போது அணைத்து வையுங்கள். மாதம் ஒருமுறைதான் கருவி தேவைப்படும் என்பதால் நாலு நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடலாம்.

ரேம், கிராபிக்ஸ், பிராசஸர்

லைட்ரூம் மட்டும் என்றால் 16 ஜிபி ரேம் போதும். போட்டோஷாப்பில் பல லேயரோடு ஆல்பம் அமைப்பவருக்கு 32 ஜிபி. மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போது, "ரேம் சேர்க்க ஸ்லாட் உண்டா?" என்று கேட்டு, டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கிராபிக்ஸ் எவ்வளவு வேண்டும் என்பதை நீங்கள் எடுக்கும் படமே சொல்லும். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷோடு எடுப்பவருக்குப் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸே போதும். தைப்பூசத்தில் ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் இரவில் புறப்படுகிறது. ஐஎஸ்ஓ 6400-க்குக் குறையாமல் எடுக்க வேண்டியிருக்கும். மங்கலான மண்டபங்களிலும் இதே கதை. அடோபி 2023 ஏப்ரலில் லைட்ரூமில் சேர்த்த ஏஐ டீநாய்ஸ் இந்தப் படங்களுக்கு வரப்பிரசாதம், ஆனால் அது முழுவதும் கிராபிக்ஸ் சிப்பின் முதுகில் ஏறும். ஒரு படத்துக்கு 15 விநாடி எடுக்கும் இயந்திரத்தில் 200 படம் 50 நிமிடத்தில் முடியும். இரண்டு நிமிடம் எடுத்தால் ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம். இரவுப் படம் உங்கள் பிழைப்பு என்றால் 6 ஜிபி, இயன்றால் 8 ஜிபி நினைவகம் கொண்ட என்விடியா ஆர்டிஎக்ஸ் சிப், அல்லது ஆப்பிளின் எம் வரிசை. அட்டையில் ஒட்டியிருக்கும் "ஏஐ பிசி" ஸ்டிக்கரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

பிராசஸர் விஷயத்தில் குழம்ப வேண்டியதில்லை. கடந்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா, ஏஎம்டி ரைசன், ஆப்பிள் எம் எதுவாக இருந்தாலும் நடுத்தர மாடல் போதும். உச்ச மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைத் திரையிலும் டிஸ்க்கிலும் போடுங்கள்.

வெயில், இடி, ஈரம்

மதியம் குளிர்சாதனம் இல்லாத அறையில் 32 டிகிரியில் 600 படங்களை எக்ஸ்போர்ட் செய்யும்போது மடிக்கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெல்லிய மாடல்களில் இது சீக்கிரம் நடக்கும். மேக்புக் ஏர் மாடலில் விசிறியே இல்லை. நூறு படத்துக்கு ஓடும், ஆயிரம் படத்துக்கு மூச்சு வாங்கும். பெரிய எக்ஸ்போர்ட் தினமும் செய்பவர் விசிறி உள்ள மாடலாக, கொஞ்சம் தடிமனாகவே எடுக்கட்டும். பின்பக்கத்தை உயர்த்தும் சாதாரணத் தாங்கி ஒன்று வைத்தாலே காற்றோட்டம் கூடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடி புதிதல்ல. இடி கேட்டதும் சார்ஜரையும் வெளி டிஸ்க்கையும் கழற்றிவிட்டு பேட்டரியில் வேலை செய்யலாம். டெஸ்க்டாப்புக்கு இல்லாத சலுகை மடிக்கணினிக்கு இருக்கிறது. மின்னல் தடுப்பு உள்ள நீட்டிப்புப் பலகை வாங்கினாலும் இந்தப் பழக்கத்தை விடாதீர்கள். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வைத்திருக்கும் உலர் பெட்டியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் இருக்கும். வீட்டுப் பிரதி டிஸ்க்கையும் கார்டுகளையும் அதிலேயே ஒரு தட்டில் வையுங்கள்.

விண்டோஸா, மேக்கா? புதிதா, பழையதா?

இரண்டிலும் லைட்ரூமும் போட்டோஷாப்பும் ஒன்றுபோலவே இருக்கும். மேக்கில் திரையும் பேட்டரியும் எல்லா மாடலிலும் தரமாக இருக்கும். விண்டோஸில் தேடிப் பார்த்து எடுக்க வேண்டும், ஆனால் பழுது பார்ப்பதும் டிஸ்க் கூட்டுவதும் சுலபம். சந்தா கட்ட மனமில்லாதவர்களுக்கு டார்க்டேபிள் இரண்டிலும் இலவசமாக ஓடும். வீட்டில் இரண்டும் இருந்தால் வெளி டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், அதில் எழுதாது.

பழையது வாங்குபவர்களுக்கு இரண்டு எல்லைக்கோடுகள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத மடிக்கணினி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். ஆப்பிளில் இன்டெல் பிராசஸர் உள்ளவற்றைத் தவிர்த்து எம்1-இலிருந்து தொடங்குங்கள். 8 ஜிபி மாடலைத் தொடாதீர்கள்.

கடையில்

பிரிக்ஃபீல்ட்சிலிருந்து மோனோரயில் ஏறி இம்பியில் இறங்கினால் லோ யாட் நடைதூரம். கிள்ளானிலிருந்து வருபவர்கள் கொமுட்டரில் கே.எல். சென்ட்ரல் வந்து மாறிக்கொள்ளலாம். போகும்போது ஒரு தம்ப்டிரைவில் உங்கள் சொந்தப் படங்கள் நாலைந்தைப் போட்டுக்கொள்ளுங்கள்: அரக்குச் சேலை ஒன்று, வெள்ளை வேட்டியில் வெள்ளை நூல் வேலைப்பாடு தெரியும் படம் ஒன்று, இரவில் கறுப்புப் பின்னணியில் கறுத்த முடி, கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக மாறும் சாம்பல் பட்டை ஒன்று. அவற்றை ஏற்கெனவே நல்ல அச்சில் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒப்பிட முடியும்.

"பாஸ், இது புது மாடல், எல்லாம் லாஜு" என்று தொடங்கும்போது சிரித்துக்கொண்டே தம்ப்டிரைவை நீட்டுங்கள். பிறகு வரிசையாக:

1. திரையை "விவிட்" முறையிலிருந்து இயல்பு முறைக்கு மாற்றச் சொல்லுங்கள்.
2. வேட்டியின் நூல் வேலைப்பாடு தெரிகிறதா? முடியும் பின்னணியும் பிரிந்து தெரிகின்றனவா? சாம்பல் பட்டையில் படிக்கட்டுபோல் கோடுகள் விழுகின்றனவா?
3. திரையைச் சாய்த்துப் பாருங்கள். நிறம் மாறினால் அடுத்த மாடல்.
4. மாடலின் முழுக் குறியீட்டை எழுதி வாங்குங்கள். ஒரே பெயரில் 45 விழுக்காடு என்டிஎஸ்சி திரையும் 100 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி திரையும் விற்கப்படுவது உண்டு. வித்தியாசம் குறியீட்டின் கடைசி எழுத்துகளில் மட்டும் இருக்கும்.
5. எஸ்டி கார்டு இடம் இருக்கிறதா, யூஎஸ்பி-சி எத்தனை, அவற்றின் வேகம் என்ன என்று பாருங்கள். எஸ்டி இடம் இல்லையென்றால் யூஎச்எஸ்-2 வேகம் படிக்கும் ரீடரின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

அன்றே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறியீட்டோடு இரண்டு கடையில் விலை கேட்டு, ஒரு தேநீர் குடித்துவிட்டு முடிவெடுங்கள்.

பில், உத்தரவாதம், வரி

உத்தரவாதம் மலேசியாவில் செல்லுமா, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, சேவை மையத்துக்குத் தூக்கிப் போக வேண்டுமா என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருவது மலிவாகத் தோன்றினாலும் உத்தரவாதம் அந்த நாட்டோடு நின்றுவிடலாம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகை 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை அழித்துவிடாது. கடை கைவிரித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை.

சொந்த உபயோகத்துக்கு வாங்கும் கணினியை வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவின் கீழ் காட்டலாம். புத்தகம், கைப்பேசி, இணையக் கட்டணம் ஆகியவற்றோடு சேர்த்து ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் உச்ச வரம்பு. தொழிலுக்கென்று வாங்குவது இந்தக் கழிவில் வராது. அதைத் தொழில் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று வரி முகவரிடம் கேளுங்கள். எப்படியானாலும் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும், ஏழு ஆண்டு பத்திரமாக வையுங்கள். வெப்பத்தில் எழுத்து மங்கும் தாள் என்பதால் அன்றே ஒரு படம் எடுத்துச் சேமிக்கவும்.

முதல் வாரம்

1. வட்டைப் பூட்டுங்கள்: விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட். மடிக்கணினி தொலைந்தாலும் வாடிக்கையாளர் குடும்பத்தின் படங்கள் வெளியே போகாது. மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.
2. கோப்புறைப் பெயரைத் தேதியில் தொடங்குங்கள்: 2025-02-11-பத்துமலை. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினி தானே காலவரிசையில் அடுக்கும். அச்சகத்துக்கு அனுப்பும் கோப்புகளுக்கு மட்டும் ரோமன் எழுத்தில் பெயரிடுங்கள். பழைய மென்பொருள்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக உடையும். யார், எங்கே, என்ன நிகழ்ச்சி என்பதைப் படத்தின் குறிப்புப் பகுதியில் தமிழிலேயே எழுதலாம்.
3. திரையைச் சீர்செய்து, இரண்டு படங்களை வழக்கமான அச்சகத்தில் அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.
4. ஒரு முழு நிகழ்ச்சியை மதிய வெயிலில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். திரையில் புள்ளி, விசிறியில் சத்தம், நடுவில் அணைதல் எது நடந்தாலும் கடைக்குத் திரும்பப் போக வேண்டிய வாரம் இதுதான்.
5. மூன்று பிரதியும் எடுத்த பிறகு, வெளியிடப் பிரதியிலிருந்து பத்துப் படத்தைத் திரும்ப எடுத்து லைட்ரூமில் திறந்து பாருங்கள். அவை திறந்தால் மட்டும் கேமராவில் இருக்கும் கார்டை அடுத்த கல்யாணத்துக்கு ஃபார்மட் செய்யலாம்.